தேசாந்தர யாத்திரையும் பாஸ்போர்ட் புதுப்பித்தலும்

கடல் கடந்து சென்று பொருளீட்டுதலும் கல்வி பெறுதலும் நம்மவர்க்குப் புதியன அல்ல. நமது சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களுள், ஒரு தலைமுறையிலேனும் ஒருவர் ரங்கூனுக்கோ கொழும்புக்கோ பினாங்குக்கோ கப்பலேறாத குடும்பம் அரிதென்றே கூறலாம். இக்காலத்தில் கப்பலுக்குப் பதிலாக ஆகாய விமானம் வந்துவிட்டது. செல்லும் ஊர்களும் துபாய், தோஹா, லண்டன், சிட்னி என்று பெருகிவிட்டன. முன்னோர் பல நாள் கடலில் அலைப்புண்டு சேர்ந்த சிங்கப்பூருக்கு இன்று நான்கைந்து மணி நேரத்தில் போய்ச் சேர்கிறோம். யாத்திரை இவ்வளவு எளிதாகிய காலத்தும், அதற்கு இன்றியமையாத ஒரு சிறு புத்தகத்தைப் பற்றி மட்டும் நம்மவரிடையே போதிய கவனம் இல்லை. மகன் வீட்டுப் பேரப்பிள்ளையைப் பார்க்க நாள் குறித்து, விமானச் சீட்டும் வாங்கி, பெட்டி கட்டும் வேளையில்தான் பலர் தம் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்க்கிறார்கள். அது காலாவதியாகிவிட்டதென்றோ, ஆகும் தறுவாயில் உள்ளதென்றோ அப்பொழுதுதான் தெரிய வருகிறது. பின்னர் ஓட்டமும் அலைச்சலும் வீண் செலவும் மனவருத்தமும் உண்டாகின்றன.

இதனை வெறும் ஆபீஸ் காரியமென்று எண்ணுவதே இக்கவனக் குறைவுக்குக் காரணம் என்பது நமது அபிப்பிராயம். பாஸ்போர்ட் எவ்வாறு உண்டாயிற்று, அதற்குக் காலவரையறை ஏன் ஏற்பட்டது, அதனைப் புதுப்பியாது விட்டவரும் புதுப்பிக்க இயலாது போனவரும் என்ன துன்பமடைந்தனர் என்பவற்றை அறிந்தவர் அவ்வாறு எண்ணமாட்டார். ஆகவே இவ்விஷயத்தைச் சரித்திர முறையில் நமது அங்கத்தினர் முன் வைக்க விரும்புகிறோம்.

பழங்காலத்து முத்திரைகள்

ஒரு தேசத்தின் எல்லையைக் கடப்போர் அரசாங்கத்தின் அநுமதியைக் காட்டவேண்டும் என்னும் ஏற்பாடு பண்டைக்காலத்திலேயே இருந்தது. கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரத்தில், முத்திராத்யக்ஷன் என்னும் ஓர் அதிகாரி கூறப்படுகிறான். ஒரு மாஷகம் கட்டணமாகப் பெற்றுக்கொண்டு பிரயாணிகளுக்கு முத்திரைச் சீட்டு அளிப்பது அவன் கடமை. அச்சீட்டு உடையவனே நாட்டிற்குள் வரவும் நாட்டைவிட்டுச் செல்லவும் உரியவன். அஃதில்லாமல் போக்குவரவு செய்யும் உள்நாட்டான் 12 பணம் தண்டம் செலுத்தவேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. தமிழ்நாட்டில், காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அதிகாரிகள் ஏற்றுமதி இறக்குமதிப் பண்டங்களின்மீது சோழனுடைய புலி இலச்சினையைப் பொறித்த செய்தியைப் பட்டினப்பாலையால் அறிகிறோம். அம்முத்திரை பண்டங்களுக்கு உரியதேயன்றி மக்களுக்கு உரியதன்று. எனினும், எல்லையைக் கடக்கும் எதுவும் அரசனுடைய குறியைத் தாங்கிச் செல்லுதல் நம் நாட்டார் அறியாத வழக்கமன்று என்பதற்கு அது சான்றாகும்.

ஆனால் இக்காலத்துப் பாஸ்போர்ட்டுக்கு இவற்றோடு நேரான தொடர்பு இல்லை. அது யுத்தத்தில் பிறந்த பிள்ளை.

1914-க்கு முன்னும் பின்னும்

1914-ஆம் வருஷத்துக்கு முன், உலகத்தின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே பிரயாணம் செய்யலாம். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறும் வியாபாரி, கப்பல் கட்டணம் செலுத்திய சீட்டொன்றுடன் ரங்கூனிலும் பினாங்கிலும் இறங்கினான். கூலித் தொழிலாளருக்கே தனிச் சட்டங்களும், தனி முகாம்களும், தனிச் சீட்டுகளும் இருந்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோர் தோட்டத்தின் குறி பொறித்த தகரத் துண்டு ஒன்றைக் கழுத்திலே தாங்கிச் சென்ற செய்தியைப் பெரியோர் கேட்டிருக்கக்கூடும். பணமுள்ளவன் கையில் ஒன்றுமின்றிச் செல்ல, ஏழையின் கழுத்தில் தகரம் தொங்கியது என்பது கவனிக்கத்தக்கது.

சீட்டு என்பது எக்காலத்தும் நன்மைக்கே வந்ததென்று கூறவும் இயலாது. தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் அரசாங்கம் ஆசியரை மட்டும் பதிவுச் சீட்டு வாங்கும்படி வற்புறுத்திய காலத்து, அதனை அவமானமெனக் கருதிய நம் நாட்டார், 1908-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதி ஜோஹானஸ்பர்க் நகரத்தில் கூடித் தம் சீட்டுகளைத் தீயிலிட்டனர். காந்தியடிகள் நடத்திய அக்கிளர்ச்சியில் தமிழர் முன்னணியில் நின்றனர் என்பது உலகறிந்தது. 1914-ஆம் வருஷத்தில், ‘கோமகாடா மாரு’ என்னும் கப்பலில் கானடா தேசத்து வான்கூவர் துறைமுகத்தை அடைந்த 376 பிரயாணிகளுள் மிகச் சிலரொழிய மற்றையோர் கரையிறங்க விடப்படாது திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களும் பிரிட்டிஷ் சக்கரவர்த்தியின் பிரஜைகளே. கானடாவும் அச்சாம்ராஜ்யத்தின் பகுதியே. ஆகவே, பிரஜை என்னும் பெயர் மட்டும் ஒருவனை எல்லை கடத்திவிடாது என்பது அன்றே வெளியாயிற்று.

அவ்வருஷத்திலேயே முதல் உலக யுத்தம் மூண்டது. ஒற்றர்களுக்கு அஞ்சிய தேசங்கள் ஒவ்வொன்றும் தன் எல்லைக் கதவை அடைத்து, வருவோர் போவோர் எல்லாரிடமும் பாஸ்போர்ட் கேட்கலாயின. இந்தியாவிலும் யுத்தகாலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது கட்டாயமாக்கப்பட்டது. யுத்தம் முடிந்தால் இக்கட்டுப்பாடு நீங்கிவிடுமென்று பலர் எண்ணினர். அது நீங்கவில்லை. 1920-ஆம் வருஷத்தில் இந்தியப் பாஸ்போர்ட் சட்டம் நிறைவேறியது. (அச்சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வழக்கிலிருந்து, 2025-ஆம் வருஷத்துச் சட்டத்தால் நீக்கப்பட்டது.) அதே 1920-இல் சர்வதேச சங்கத்தின் சார்பில் பாரிஸ் நகரத்தில் கூடிய மகாநாடு, பாஸ்போர்ட் 32 பக்கமுள்ள புத்தகமாக இருத்தல் வேண்டும், இரண்டு பாஷைகளிலேனும் அச்சிடப்படவேண்டும், அவற்றுள் ஒன்று பிரெஞ்சாக இருத்தல் வேண்டும் என்று ஒரு மாதிரியை வகுத்தது. இன்று நம் பெட்டியில் உள்ள புத்தகத்தின் உருவம் அம்மாதிரியினின்றும் வந்ததே.

பிரிட்டிஷ் இந்தியப் பாஸ்போர்ட்

அக்காலத்துப் பாஸ்போர்ட்டில், உடையவரின் பெயர், பிறந்த இடம், தொழில், உயரம், அங்க அடையாளம் முதலியன பேனாவினால் எழுதப்பட்டிருக்கும். எந்தெந்தத் தேசங்களுக்கு அது செல்லும் என்பதும் தனித்தனியே எழுதப்படும். அதன் ஆயுள் 5 வருஷம். அக்காலம் முடிந்தபின் அதிகாரியிடம் கொண்டுசென்றால், அதற்கென ஒதுக்கிய பக்கத்தில் மேலும் காலத்தை நீட்டித்து எழுதிக் கையொப்பமிட்டு முத்திரை வைத்துத் தருவார். பாஸ்போர்ட் புதுப்பித்தல் என்று நாம் வழங்கும் சொல்லுக்கு உண்மைப் பொருள் இதுவே. புத்தகம் பழையதே, அரசாங்கத்தின் வாக்குறுதி மட்டும் புதிது.

இவ்விடத்தில் நம்மவர் அறியவேண்டிய ஒரு விநோதமும் உண்டு. ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்த ஊரிலே பிறந்தவன் பாஸ்போர்ட்டில் ‘பிரிட்டிஷ் பிரஜை’. அடுத்துள்ள புதுக்கோட்டை சமஸ்தானத்து ஊரிலே பிறந்தவனோ ‘பிரிட்டிஷ் பாதுகாப்புப் பெற்றவன்’. இருவரும் ஒரே குலம், ஒரே உறவு, ஒரே கோயில் வழிபாடு உடையவராயிருப்பினும், சட்டத்தின் கண்ணில் வேறுவேறானவர். பெண் கொடுத்துப் பெண் கொள்ளும் இரண்டு ஊர்களுக்கு நடுவே அரசாங்கம் ஒரு கோடு கிழித்திருந்தது. 1948-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் புதுக்கோட்டை இந்தியாவுடன் இணைந்தபின் அவ்வேறுபாடு ஒழிந்தது. மனிதன் இருந்த இடத்திலேயே இருக்க, அவனுடைய பாஸ்போர்ட்டின் பொருள் மாறிவிடும் என்பதற்கு இஃது ஓர் எளிய உதாரணம். கடலுக்கு அப்பால் அம்மாற்றம் இவ்வளவு எளிதாக நடைபெறவில்லை.

பர்மாவில் நிகழ்ந்தது

பர்மா தேசம் 1937-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி வரையில் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. சென்னையிலிருந்து ரங்கூனுக்குப் போவது பம்பாய்க்குப் போவது போன்றதே. 1931-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி ரங்கூன் வாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். நம் நாட்டு லேவாதேவிக்காரர் கடன் கொடுத்து வளர்ந்த நெல் வயல்கள் ஐராவதி நதியின் முகத்துவாரமெங்கும் பரந்து கிடந்தன. விலைகள் வீழ்ந்த 1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் கடனுக்கு ஈடாக அந்நிலங்கள் அவர்கள் கைக்கே வந்தன. 1938-ஆம் வருஷத்தில், கீழ் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்கள் 13-இல் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் வசம் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. இவ்வளவு சொத்துடைய ஜனங்களிடம், தாம் யார் என்பதைக் காட்டும் காகிதம் ஒன்றும் பெரும்பாலும் இல்லை. தேசம் ஒன்றாயிருந்தமையால் அது வேண்டியிருக்கவுமில்லை.

பிரிவினைக்குப் பின் நிலைமை மாறியது. 1941-ஆம் வருஷத்தின் மத்தியில் இந்திய பர்மிய சர்க்கார்களுக்குள் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, இந்தியர் பர்மாவுக்குள் செல்லப் பாஸ்போர்ட்டும் விசாவும் அல்லது குடியேற்ற அநுமதிச் சீட்டும் வேண்டியதாயிற்று. எத்தனை ஆண்டு பர்மாவில் வசித்தார் என்பதை ஆதாரங்காட்டி நிரூபிக்கவேண்டிய அவசியமும் உண்டாயிற்று. அவ்வொப்பந்தத்தைப் பற்றிய கண்டனங்கள் அடங்கும் முன்னரே, அவ்வருஷம் டிஸம்பர் 23-ஆம் தேதி ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசினர். லக்ஷக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து கால்நடையாகவே தாய்நாட்டை நோக்கி வந்தனர். வழியில் மாண்டவர் எண்ணிறந்தவர். பிழைத்து வந்தவருள்ளும், கணக்குப் புத்தகங்களையும் நிலப் பத்திரங்களையும் அடையாளச் சீட்டுகளையும் இழந்தோர் மிகப் பலர்.

யுத்தம் முடிந்து, விட்டுவந்த தொழிலையும் நிலத்தையும் பார்க்கத் திரும்பிச் செல்ல முயன்றபோது, 1947-ஆம் வருஷத்துப் பர்மா குடியேற்ற அவசரச் சட்டம் குறுக்கே நின்றது. 1948-ஆம் வருஷம் ஜனவரி 4-ஆம் தேதி பர்மா சுதந்திரம் பெற்றபின், அங்கே பர்மியப் பிரஜாவுரிமை பெறாத இந்தியர் அயலார் ஆயினர். அவர்கள் அயலார் பதிவுச் சீட்டு வாங்கி, ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி அதனைப் புதுப்பிக்கவேண்டும். தாத்தா காலம் முதல் வாழ்ந்த வீட்டிலே வசித்துக்கொண்டே, ஒவ்வோர் ஆண்டும் ‘நான் இங்கே இருக்கலாமா?’ என்று கேட்டு நிற்கும் நிலை அது. 1962-இல் ராணுவ ஆட்சி வந்தது. 1963-64-இல் பாங்குகளும் கடைகளும் தேசியமயமாக்கப்பட்டன. மீண்டும் லக்ஷக்கணக்கானோர், கொண்டுவரக் கூடிய பணத்துக்கும் நகைக்கும் வரம்பு விதிக்கப்பட்டு, சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினர். சென்னையில் பர்மா பஜார் என்று வழங்கும் கடைவீதி அவ்வாறு வந்தோரின் பிழைப்புக்காக ஏற்பட்டதே.

இலங்கையில் நிகழ்ந்தது

இலங்கையின் சரித்திரம் இதனினும் நீண்டது. 1914-ஆம் வருஷத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலையும் கப்பலையும் இணைத்த போக்குவரவு ஏற்பட்டதிலிருந்து, தமிழ்நாட்டினின்றும் கொழும்பு செல்வது மிக எளிதாயிருந்தது. வியாபாரிக்குப் பாஸ்போர்ட் வேண்டியதில்லை; தோட்டத் தொழிலாளி மண்டபம் முகாம் வழியாகச் சென்றான். 1948-ஆம் வருஷத்தில் சுதந்திர இலங்கை பிரஜாவுரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. மலைநாட்டுத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்த தமிழருள் பெரும்பாலோரை அச்சட்டம் பிரஜைகளாக ஏற்கவில்லை. 1949-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி முதல் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் அமலுக்கு வந்தது. அன்றுவரை வீட்டு வாசற்படி போலிருந்த கடல், அன்றுமுதல் எல்லைக் கோடாயிற்று.

1949-ஆம் வருஷத்தில் இயற்றிய வேறொரு சட்டப்படி, இந்திய வம்சத்தார் மனுச் செய்து இலங்கைப் பிரஜாவுரிமை பெறலாம். விவாகமானவர் 7 வருஷமும் ஆகாதவர் 10 வருஷமும், 1946 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன் இடைவிடாது இலங்கையில் வசித்ததை ருசுப்படுத்தவேண்டும். ஒருமுறை 12 மாதத்துக்கு மேற்பட்டுத் தாய்நாட்டில் தங்கியிருந்தாலும் அவ்வசிப்பு முறிந்ததாகும். தாய் தந்தையரின் நோய்க்கும், கோயில் திருவிழாவுக்கும், பெண் கலியாணத்துக்கும் ஊருக்கு வந்துபோன எளிய மக்கள் இதற்கெல்லாம் எங்கே தேதி குறித்து வைத்திருப்பார்கள்? சுமார் 8 லக்ஷம் பேருக்காக மனுக்கள் கொடுக்கப்பட்டன. பிரஜாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. மற்றையோர் எத்தேசத்துக்கும் உரியரல்லராய் நின்றனர்.

1964-ஆம் வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதி, இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். 9,75,000 பேர் எனக் கணக்கிட்ட அம்மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யலாம் என்பது அதன் சாரம். 1974-இல் அவ்வெஞ்சியோரை இரண்டு தேசங்களும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இந்தியப் பிரஜாவுரிமை பெற்றோருக்குப் பாஸ்போர்ட் அளிக்கப்பட்டது. பலர் அதனைக் கையிற்கொண்டு கப்பலேறி வந்தனர். ஆயினும் சம்பளப் பாக்கி, சேமநிதி, குடும்பத்தில் ஒருவருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் மற்றொருவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமையுமாகப் பிரிந்துபோன நிலை முதலிய காரணங்களால் பலர் உடனே புறப்பட இயலவில்லை. 1982-ஆம் வருஷத்தில், இந்தியப் பிரஜாவுரிமை பெற்றும் இலங்கையிலேயே தங்கியிருந்தோர் சுமார் 90,000 பேர். அடுத்த வருஷம் இலங்கையில் பெருங்கலவரம் மூண்டது. 1984-இல் கப்பல் போக்குவரவும் நின்றது. கையிலிருந்த பாஸ்போர்ட்டுகள் பெட்டியிலேயே கிடந்து ஒவ்வொன்றாகக் காலாவதியாயின.

அவர்களுடைய நிலைமையைச் சற்று எண்ணிப் பார்க்குமாறு நமது அங்கத்தினரை வேண்டுகிறோம். பாஸ்போர்ட் இருப்பதால் அவர் இந்தியர். ஆகவே இலங்கையில் வாக்குரிமை இல்லை. அதன் காலம் முடிந்துவிட்டமையால் இந்தியாவுக்குப் பிரயாணம் செய்யவும் அது உதவாது. அங்கேயே மக்கள் பிறந்தனர், பேரரும் பிறந்தனர். கடைசியாக, 2003-ஆம் வருஷத்தில் இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமே, 1964 அக்டோபர் 30-ஆம் தேதி முதல் அங்கு நிரந்தரமாக வசித்த இந்திய வம்சத்தாருக்கும் அவர் சந்ததியாருக்கும் பிரஜாவுரிமை அளித்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தோரும் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பமிட்டு இலங்கையராகும் வழி அப்பொழுதே திறந்தது. ஒரு தேதியைக் கடந்துவிட்ட சிறு புத்தகம், ஒரு ஜனக்கூட்டத்தை இருபது வருஷம் நடுவழியில் நிறுத்திவைத்தது.

சலுகை உரிமையான வரலாறு

தாய்நாட்டிலும் பாஸ்போர்ட் நெடுங்காலம் சர்க்காரின் தயவாகவே கருதப்பட்டு வந்தது. 1950-ஆம் வருஷம் ஜனவரி 26-ஆம் தேதி அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 8-ஆம் விதி, பிறதேசத்தில் வாழும் இந்திய வம்சத்தார் அங்குள்ள இந்திய ஸ்தானிகரிடம் மனுச் செய்து பதிந்துகொண்டால் இந்தியப் பிரஜையாகலாம் என்று வழி வகுத்தது. ஆயினும் பிரஜையாக இருப்பதனாலேயே பாஸ்போர்ட் கிடைத்துவிடும் என்னும் சட்டம் இல்லை. 1954-ஆம் வருஷத்தில் சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி, நாகபுரி ஆகிய ஐந்து நகரங்களில் பாஸ்போர்ட் காரியாலயங்கள் ஏற்பட்டன. கொடுப்பதும் மறுப்பதும் திரும்ப வாங்குவதும் உத்தியோகஸ்தரின் விருப்பத்தையே பொறுத்திருந்தன.

அந்நிலையை மாற்றியது சத்வந்த் சிங் சாஹ்னி என்னும் வியாபாரி தொடுத்த வழக்கு. அவருடைய பாஸ்போர்ட்டுகளைத் திரும்ப ஒப்படைக்குமாறு சர்க்கார் கட்டளையிட, அவர் சுப்ரீம் கோர்ட்டை அடைந்தார். 1967-ஆம் வருஷம் ஏப்ரல் 10-ஆம் தேதி, பிரதம நீதிபதி சுப்பா ராவ் தலைமையில் அமர்ந்த ஐவருள் மூவர், வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் விதி காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கியது என்றும், சட்டமின்றி அதனைத் தடுக்க இயலாது என்றும் தீர்ப்பளித்தனர். சுப்பா ராவ் சென்னை ஹைகோர்ட்டில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் விளங்கியவர் என்பது நம் மாகாணத்தார் பெருமைப்படத்தக்கது. அத்தீர்ப்பின் பயனாகவே அவ்வருஷம் ஜூன் மாதத்தில் பாஸ்போர்ட் சட்டம் உண்டாயிற்று. 1978-ஆம் வருஷம் ஜனவரி 25-ஆம் தேதி மேனகா காந்தி வழக்கில் அதே நீதிஸ்தலம் மேலும் ஒருபடி சென்று, சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது கூறும் முறை நியாயமானதாயும் இருக்கவேண்டும் என்று விளக்கியது. இன்று காரியாலயத்தில் நம் மனுவை மறுத்தால் காரணம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமை இவ்வாறு வந்தது.

ஆறு மாத விதியின் காரணம்

இனி, புதுப்பித்தலைப் பற்றிக் கூறுவோம். பழைய புத்தகத்திலேயே காலத்தை நீட்டித்து எழுதும் வழக்கம் இப்பொழுது நம் தேசத்தில் இல்லை. காலம் முடியும்போது புதிய எண்ணுடன் புதிய புத்தகமே அளிக்கப்படுகிறது; சர்க்கார் அதனை மறுவழங்கல் என்று கூறுகிறது. பெரியவர்களுக்கு அதன் ஆயுள் பொதுவாக 10 வருஷம். சிறுவர்களுக்கு 5 வருஷம். 2001-ஆம் வருஷத்துக்கு முன், கையால் எழுதிய பாஸ்போர்ட்டுகள் சில 20 வருஷ ஆயுளுடன் அளிக்கப்பட்டதுண்டு. இயந்திரத்தால் படிக்க இயலாத பாஸ்போர்ட் 2015-ஆம் வருஷம் நவம்பர் 24-ஆம் தேதிக்குப் பின் வழக்கில் இருத்தல் கூடாதென்று சர்வதேச விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் முடிவு செய்தமையால், தேதி மிஞ்சியிருந்தும் அவை பயனற்றுப்போயின. 20 வருஷம் கவலையில்லை என்றிருந்த முதியோர் பலர் அப்பொழுது திகைத்தனர்.

இன்னும் பலர் அறியாத விதி ஒன்று உண்டு. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை முதலிய பல தேசங்கள், அங்குப் போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாத காலமேனும் பாஸ்போர்ட் செல்லத்தக்கதாயிருக்க வேண்டுமென்று விதித்துள்ளன. ஐரோப்பாவில் ஷெங்கன் ஒப்பந்தத்துக்கு உட்பட்ட தேசங்கள், புறப்படும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் அது செல்லவேண்டும் என்றும், வழங்கி 10 வருஷத்துக்கு மேற்பட்டிருக்கலாகாது என்றும் கூறுகின்றன. ‘இன்னும் நாலு மாதம் இருக்கிறதே, பதினைந்து நாள் யாத்திரைக்கு அது போதாதா?’ என்று விமான நிலையத்தில் வாதாடுவோர் உண்டு. போதாது. விதிக்குப் பொருந்தாத பிரயாணியை ஏற்றிச்சென்றால், அவரைத் தன் செலவில் திருப்பிக் கொணர்வதும் அபராதம் செலுத்துவதும் விமானக் கம்பெனியின் தலையில் விழும். ஆதலால் கம்பெனிச் சிப்பந்தியே ஏற்ற மறுத்துவிடுவார்.

இவ்விதியின் காரணம் யாதெனில், வருபவர் நோயாலோ வேறு தடையாலோ குறித்த நாளில் திரும்பாமற் போயினும், அவரைத் தாய்நாடு தடையின்றி ஏற்றுக்கொள்ளும் என்னும் உறுதி விருந்தளிக்கும் தேசத்துக்கு வேண்டும். அவ்வுறுதியைத் தருவது பாஸ்போர்ட். நாம் அதனைப் போவதற்குரிய சீட்டென்று எண்ணுகிறோம். பிறதேசத்தார் அதனை நாம் திரும்புவதற்குரிய பிணையென்று கருதுகின்றனர். மலைநாட்டுத் தமிழர் அடைந்த துன்பத்தை இதனோடு சேர்த்து நோக்கினால் உண்மை விளங்கும். காலாவதியான பாஸ்போர்ட் தாய்நாட்டின் வாக்குறுதி ஓய்ந்துபோன சீட்டாகும். அதனைப் புதுப்பித்தலாவது, ‘இவன் என் மகன், எப்பொழுது வந்தாலும் ஏற்பேன்’ என்று தாய்நாட்டை மறுபடியும் சொல்லச் செய்தலேயாகும்.

நமது குடும்பங்கள் செய்யவேண்டுவன

இனி நமது அங்கத்தினருக்குச் சில வார்த்தைகள். முதலாவது, குடும்பத்தலைவர் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள எல்லாருடைய பாஸ்போர்ட்டுகளின் முடிவுத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி, நிலப் பத்திரங்களோடு வைப்பாராக. காலம் முடிவதற்கு ஒரு வருஷம் இருக்கும்போதே மறுவழங்கலுக்கு மனுச் செய்ய இடமுண்டு. அப்பொழுதே செய்துவிடுதல் நலம். வெள்ளம் வருமுன் அணைகோலுதல் அறிவுடையோர் செயல். சிறுவர்களின் புத்தகம் பெற்றோருடையதைவிட முந்தி முடிந்துவிடும் என்பதை மறவற்க.

இரண்டாவது, பெயர் விஷயம். தலைப்பெழுத்து வைத்துப் பெயரெழுதும் நம் வழக்கம், குடும்பப் பெயரும் தனிப்பெயரும் வெவ்வேறாகக் கேட்கும் பிறதேசத்துக் காகிதங்களோடு எளிதிற் பொருந்துவதில்லை. பள்ளிக்கூடச் சான்றில் ஒருவிதமாகவும், பாஸ்போர்ட்டில் ஒருவிதமாகவும், விசாவில் வேறொருவிதமாகவும் எழுதிவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். புதிய புத்தகம் பெறும் சமயமே அத்தகைய பிழைகளைத் திருத்திக்கொள்ளத் தக்க சமயம்.

மூன்றாவது, ரத்துச் செய்து மூலை கத்தரித்துத் திருப்பித் தரும் பழைய புத்தகத்தை எறிந்துவிடலாகாது. அமெரிக்கா போன்ற சில தேசங்களின் விசா பழைய புத்தகத்தில் இருந்தாலும், புதியதோடு சேர்த்துக் காட்டினால் செல்லும். அன்றியும், எந்த நாளில் எங்கே போனோம், எப்பொழுது திரும்பினோம் என்பதற்கு அதிலுள்ள முத்திரைகளைவிடச் சிறந்த சாட்சி இல்லை. 12 மாதம், 7 வருஷம், 10 வருஷம் என்று கணக்குக் காட்ட இயலாமல் இலங்கையில் உரிமை இழந்தோரின் கதை நமக்குப் பாடமாகட்டும்.

நான்காவது, வேலைக்காகச் செல்லும் இளைஞர்கள். 1967-ஆம் வருஷத்துச் சட்டப்படி பாஸ்போர்ட் இந்திய சர்க்காரின் சொத்து. அதனைப் பறித்து வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் தரகனுக்கும் உரிமை இல்லை. பிறதேசத்தில் இருக்கும்போது காலம் முடியும் நிலை வந்தால், அங்குள்ள இந்திய ஸ்தானிகர் காரியாலயத்தில் மனுச் செய்யலாம். அதனைச் செய்யாது விட்டு, ஒளிந்து வாழும் நிலைக்கு ஆளாகும் ஏழைத் தொழிலாளர் இன்றும் உளர். நம்மவருள் அங்கு வசதியாக வாழ்வோர் அவர்களுக்கு வழிகாட்டுதல் தர்மமாகும்.

2010-ஆம் வருஷம் முதல் பாஸ்போர்ட் சேவை மையங்களும், 2017 முதல் தபாலாபீஸ்களில் அத்தகைய மையங்களும் ஏற்பட்டிருக்கின்றன. இப்பொழுது மின்னணுச் சில்லுப் பதித்த புத்தகங்களும் வழங்கப்படுகின்றன. மனுவைக் கம்ப்யூட்டர் வழியாகவே அனுப்பவேண்டியிருப்பதால், முதியோர் சிலர் தரகரை நாடிப் பொருளிழக்கின்றனர். படித்த நமது இளைஞர்கள் ஊர்தோறும் மாதம் ஒரு நாள் ஒதுக்கி, பெரியோர்க்கும் தாய்மார்க்கும் இவ்வுதவியைச் செய்வார்களாயின் அது சங்கத்துக்கு நற்பெயர் தரும்.

நம் முன்னோர் காகிதமின்றிக் கடல் கடந்தனர், செல்வமும் சேர்த்தனர், காகிதமின்மையாலேயே அச்செல்வத்தையும் சிலர் தம் உற்றாரையும் இழந்தனர். அவர்கள் காலத்தில் அவ்வுரிமை சட்டத்தால் உறுதிப்படவில்லை. நம் காலத்தில் அது உறுதிப்பட்டிருக்கிறது. கிடைத்த உரிமையைச் சோம்பலால் காலாவதியாக விடாது, உரிய காலத்தில் புதுப்பித்துக்கொண்டு, நமது அங்கத்தினர் அனைவரும் யாத்திரை நலமே சென்று நலமே வீடு திரும்புவார்களாக.